சீமைப் புகைக்கூண்டும் நெல்லைப் பாலமும் – ‘பழைய படப்பெட்டி’ கேள்வி பதில்

போன இதழில் பழைய இங்கிலாந்துப் படங்கள் ஐந்தாறைப் போட்டாலும் போட்டேன், ஆசிரியர் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘சீமைக்குப் போய் வந்தவரா நீங்கள்?’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. சர்க்கார் ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாகக் கோடு போட்டே காலம் தள்ளியவன். கட்டடப் படம் எதைப் பார்த்தாலும் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான் என் தகுதி. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அண்ணாச்சி, போன இதழில் வந்த லண்டன் தெருப் படத்தில் மூன்றாவது வீட்டு மாடியில் இரண்டு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கேயும் வாஸ்து உண்டா?
– பி.ஆர்க். மாணவி, பாளையங்கோட்டை

வாஸ்து இல்லை தாயி, வரி. 1696-ல் மூன்றாம் வில்லியம் ராஜா காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஆள் பொய் சொல்லுவான். ஜன்னல் சொல்லாது, தெருவில் நின்றபடியே எண்ணிவிடலாம். பத்து ஜன்னல் இருந்தால் கூடுதல் வரி என்று ஆரம்பித்து, 1766-ல் ஏழு ஜன்னல் வீட்டையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். வீட்டுக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டை அடைத்துவிட்டான்.

பணக்காரனுக்கு இது ஒரு விளையாட்டு. அடிபட்டவன் வாடகைக்கு இருந்தவன். ஒரு பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விட்டிருந்தாலும் வரிக் கணக்கில் அது ஒரே வீடு. மொத்த ஜன்னலுக்கும் வரி சொந்தக்காரன் தலையில் விழும். அவன் மாடிப்படி, பின்னறை என்று கைக்கு அகப்பட்ட ஜன்னலையெல்லாம் மூடினான். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று போச்சு, வெளிச்சம் போச்சு, காய்ச்சல் மட்டும் தாராளம். டாக்டர்கள் விடாமல் கூச்சல் போட்டு 1851-ல்தான் அந்த வரி ஒழிந்தது. இதுபோகக் கண்ணாடிக்கு 1845 வரை தனி வரி, செங்கலுக்கு 1784 முதல் 1850 வரை தனி வரி. வீடு கட்டுகிறவனை எத்தனை பக்கம் கறக்க முடியுமோ அத்தனை பக்கமும் கறந்திருக்கிறார்கள்.

நீங்கள் கட்டடக்கலை படிக்கிற பிள்ளை என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். அடைத்த ஜன்னல் எல்லாம் வரிக்கு அடைத்தது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளில் முகப்பு இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது பெரிய பிடிவாதம். உள்ளே அந்த இடத்தில் புகைக்குழாயோ குறுக்குச் சுவரோ வந்தால், வெளியே ஜன்னல் மாதிரிக் குழி விட்டுச் செங்கலால் நிரப்பிவிடுவார்கள். செங்கல் வரிசையை உற்றுப் பாருங்கள். சுவரின் வரிசையோடு சேர்ந்து ஒழுங்காக ஓடினால் அது பிறக்கும்போதே குருட்டு ஜன்னல். வேறு செங்கல், வேறு சாந்து, வரிசை முட்டிக்கொண்டு நின்றால் பிறகு அடைத்தது. போன இதழ்ப் படத்தில் வரிசை முட்டுகிறது.

எங்கள் தாத்தா சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ‘இது லண்டன் பாலத்தின் நகல்’ என்பார். பெருமைக்குச் சொன்னதா, நிஜமா?
– ஒரு வாசகர், வண்ணாரப்பேட்டை

தாத்தா சொன்னது சரி. நகல் என்பதைவிட, அதைப் பார்த்துப் போட்டது என்று சொல்லலாம். எது அசல் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். கோபுரம் வைத்துத் தூக்குகிற டவர் பாலம் இல்லை, வாட்டர்லூ பாலம்.

ஜான் ரென்னி என்ற ஸ்காட்லாந்துக்கார எஞ்சினியர் போட்டது. வாட்டர்லூ சண்டை நடந்து சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1817 ஜூன் 18-ல் திறந்தார்கள். முழுக்கக் கருங்கல், ஒவ்வொன்றும் 120 அடி அகலத்தில் ஒன்பது வளைவுகள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே நிற்கிற காலில், ஆற்றைப் பார்த்தாற்போல் இரட்டை இரட்டையாகத் தூண்கள். அந்த இரட்டைத் தூண்தான் அடையாளம். நம் பாலத்தில் வளைவு சின்னது, 60 அடி; எண்ணிக்கை 11. பாலத்தைப் பிற்பாடு அகலப்படுத்தியிருப்பதால் மேலே பஸ்ஸில் போகும்போது ஒன்றும் தெரியாது. தாமிரபரணிக்குள் இறங்கி, பழைய பக்கம் தெரிகிற மாதிரி நின்று பாருங்கள். அதே இரட்டைத் தூண். வரைபடம் கேப்டன் ஹார்ஸ்லி, அப்போது கலெக்டர் தாம்சன், வேலை முடிந்தது 1843-ல்.

இரண்டு பாலத்துக்கும் பெரிய வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. வாட்டர்லூ பாலத்தைக் கட்டியது ஒரு கம்பெனி. போட்ட முதலை எடுக்க வேண்டுமே, இரண்டு முனையிலும் சாவடி வைத்து, நடந்து போகிறவனிடமும் ஒரு பென்னி வாங்கினார்கள். பழைய படங்களில் பாலத்து வாசலில் குட்டிக் கோயில் மாதிரி ஒரு கட்டடம் தெரியும், அதுதான் சுங்கம் வாங்குகிற இடம். பக்கத்துப் பாலங்களில் காசு கிடையாது என்பதால் ஏழை ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள், கம்பெனிக்கு நஷ்டம். 1878-ல் நகர நிர்வாகம் விலைக்கு வாங்கிய பிறகுதான் பாலம் எல்லோருக்கும் திறந்தது. இங்கே கலெக்டர் ஆபீசில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அதனால்தான் பாலத்துக்குக் கலெக்டர் பேர் இல்லாமல் சிரஸ்தேதார் பேர் நிற்கிறது.

இப்போது லண்டனுக்குப் போனால் ரென்னியின் பாலத்தைப் பார்க்க முடியாது. 1923-ல் ஒரு கால் மண்ணுக்குள் இறங்குவது தெரிந்தது, மறு வருஷம் மூடினார்கள், 1934-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கல்லில் கொஞ்சத்தைக் காமன்வெல்த் நாடுகளுக்கு ஞாபகார்த்தமாக அனுப்பினார்கள். கான்பெராவில் ஒரு பாலத்தில் சில கற்களைப் பதித்திருக்கிறார்கள். அசலைப் பார்க்கப் படங்கள்தான் கதி. கான்ஸ்டபிள் என்ற ஓவியர் திறப்பு விழாவைப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து 1832-ல் காட்சிக்கு வைத்தார். அதில் கொடியும் படகும் மேகமும்தான் அதிகம், பாலம் தூரத்தில் ஒரு கோடு. பிரெஞ்சுக்காரர் மோனே 1899 முதல் மூன்று முறை வந்து, சவாய் ஹோட்டல் ஜன்னலில் இருந்து இதே பாலத்தை 40 தடவைக்கு மேல் வரைந்தார். அவர் படத்தில் பாலம் ஊதாப் புகைக்குள் மிதக்கும். பின்னால் தென்கரை ஆலைகளின் புகைபோக்கிகள். ஓவியப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும், தூணை எண்ணுவதற்கு மோனே உதவமாட்டார். அதற்கு விக்டோரியா காலத்துப் போட்டோதான் வேண்டும்.

புதுப் பாலத்தை வரைந்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் சிவப்பு டெலிபோன் கூண்டு என்று காலண்டரில் பார்த்திருப்பீர்களே, அதுவும் அவர் கைவேலை. யுத்த காலம், ஆண்கள் படையில். பாலத்து வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் 1945-ல் திறப்பு விழா மேடையில் நன்றி சொன்ன மந்திரி ஆண் தொழிலாளிகளை மட்டும் வாழ்த்திவிட்டு இறங்கிவிட்டார். ‘பெண்கள் பாலம்’ என்று படகுக்காரர்கள் சொல்லிவந்தது வெறும் வாய்ப்பேச்சாகவே கிடந்தது. வெகு காலம் கழித்து அந்தப் பாலத்தில் வெல்டிங் வேலை செய்யும் ஒரு பெண்ணின் போட்டோ அகப்பட்ட பிறகுதான், 2015-ல் அரசுப் பதிவேட்டில் பெண்களைச் சேர்த்தார்கள். பழைய படம் எதற்கு ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

ஆதி காலப் போட்டோக்களில் தெரு காலியாகக் கிடக்கிறதே, ஆட்களை விரட்டிவிட்டு எடுத்தார்களா?
– ஸ்டுடியோ வைத்திருப்பவர், அம்பாசமுத்திரம்

உங்கள் தொழில்தானே, யோசித்திருக்கலாம்! லென்ஸைத் திறந்து நிமிஷக்கணக்கில் வைக்க வேண்டும். நடந்தவன் படத்தில் விழமாட்டான், நின்றவன் விழுவான். கட்டடம் எங்கேயும் போகாது என்பதால்தான் முதலில் கட்டடத்தையே எடுத்தார்கள். இன்று வரை மிஞ்சியிருக்கிற போட்டோ நெகட்டிவ்களில் பழசு, 1835 ஆகஸ்டில் போட்டோக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் தன் லேகாக் வீட்டில் எடுத்தது. என்ன படம் தெரியுமா? வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஜன்னல். ஸ்டாம்பைவிடக் கொஞ்சம் பெரிய தாள்தான். அதன் அருகில் டால்பட், ‘எடுத்த புதிதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது’ என்ற கருத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஜன்னல் வரி அமலில் இருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அண்ணாச்சி, வெள்ளைக்காரர்கள் எல்லோருமே பங்களாவில்தான் இருந்தார்களா? படங்களில் அப்படித்தானே வருகிறது?
– பீடி சுற்றும் பெண், முக்கூடல்

நல்ல கேள்வி அம்மா. பங்களாவை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுக்க ஆள் இருந்தது, குடிசையை எடுக்க யார் கொடுப்பார்கள்? அதனால்தான் அப்படித் தெரிகிறது.

நம் ஊர் வளவு உங்களுக்குத் தெரியும். ஒரு வாசலுக்குள் நுழைந்தால் நாலைந்து வீடு, நடுவில் ஒரு கிணறு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். பர்மிங்காம், லீட்ஸ் பக்கம் ஆலைத் தொழிலாளிகள் இருந்ததும் ஏறக்குறைய அதுதான், ஆனால் இன்னும் நெருக்கம். ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டின் பின்சுவர். ஒன்று தெருவைப் பார்க்கும், முதுகோடு முதுகு ஒட்டியது உள்முற்றத்தைப் பார்க்கும். தளத்துக்கு ஓர் அறை, மேலே மேலே மூன்று அறை. மூன்று பக்கமும் சுவர், ஜன்னல் ஒரே பக்கம். காற்று வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். முற்றத்தில் துணி வெளுக்க ஒரு கொட்டகை, பொதுக் கக்கூஸ். துவைக்கிற முறைக்குச் சண்டை நடந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? இந்த மாதிரி வீடு புதிதாகக் கட்டக்கூடாது என்று நாடு முழுவதற்கும் 1909-ல் சட்டம் வந்தும், லீட்ஸில் 1937 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மிங்காமில் கடைசியாக மிஞ்சிய ஒரு முற்றத்தை 2004 முதல் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இடித்துத் தள்ளியதைக் கடைசியில் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

இதற்கு இரண்டு படங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, பிரெஞ்சு ஓவியர் குஸ்டாவ் டோரே 1872-ல் போட்ட லண்டன் செதுக்குப் படம். ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் வரிசை வரிசையாகத் தொழிலாளிகளின் பின்கட்டுகள். ஒவ்வொரு துண்டு முற்றத்திலும் கொடியில் துணி, மனுஷத் தலைகள். பார்த்தால் நெஞ்சை அடைக்கும். ஆனால் டோரே தெருவில் நின்று அதிகம் வரைகிறவர் இல்லை, ரூமுக்கு வந்து ஞாபகத்தில் போடுகிறவர். கொஞ்சம் உப்புக்காரம் கூடத்தான் இருக்கும். இரண்டாவது, ஜான் தாம்சன் 1877 வாக்கில் எடுத்த போட்டோ. ஒரு கட்டடத்தின் கல்படியில், சுவரோடு சாய்ந்து ஒரு கிழவி, மடியில் பச்சைப் பிள்ளை. பிள்ளை அவளுடையது இல்லை. காப்பிக் கடையில் வேலைக்குப் போன ஒருத்தியின் பிள்ளை; பகலெல்லாம் பார்த்துக்கொள்ள இவளுக்குக் கூலி ஒரு கப் டீயும் கொஞ்சம் ரொட்டியும். அந்தப் படியில் கட்டடக்கலை ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் படிதான் லண்டன்.

ஒரு வீட்டுக் கூரையில் எட்டு, பத்து மண்குழாய் நிற்கிறதே, அது எதற்கு? மான்செஸ்டர் கட்டடங்கள் எல்லாம் கறுப்பாக இருக்கின்றனவே, நம் கருங்கல் மாதிரியா?
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்

குழாய்க்கு ஒரு கணப்பு ஐயா. குழாயை எண்ணினால் எத்தனை அறையில் தீ மூட்டினார்கள் என்று தெரியும்; அதிலிருந்து வீட்டுக்காரன் வசதி தெரியும்; எத்தனை வாளி கரியை வேலைக்காரப் பெண் மாடிக்குச் சுமந்தாள் என்பதும் தெரியும். புகைப்பாதைக்குள் சின்னப் பையன்களை ஏற்றிச் சுரண்டவிட்டார்கள். சட்டம் மேல் சட்டம் போட்டும் நிற்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிப் புகைக்கூண்டில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற பையன் சிக்கிச் செத்தான், வயது பதினொன்று. அந்த வருஷச் சட்டத்தோடுதான் நின்றது. இனிமேல் அந்த அழகான குழாய் வரிசையைப் பார்க்கும்போது அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு, கல்லின் நிறம் இல்லை. கரிப்புகை படிந்தது. 1877-ல் திறந்த மான்செஸ்டர் நகர மன்றம் மணற்கல். புதிதில் வெளிறிய நிறம். பிறகு பல தலைமுறை அதைக் கறுப்பாகவே பார்த்தது. 1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் கவிந்து ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. அப்புறம்தான் ஒவ்வொரு கட்டடமாகக் கழுவினார்கள். மான்செஸ்டரில் மில் ஓட்டக் கரி வேண்டியிருந்தது. உங்கள் ஊர் மில்லை ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி இறங்குகிற வேகத்தை நம்பி ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்தைப் பழைய ஆங்கில ஓவியர்கள் யாராவது வரைந்திருக்கிறார்களா?
– பள்ளி ஆசிரியை, களக்காடு

உங்கள் ஊரிலேயே நின்று வரைந்திருக்கிறார்கள் டீச்சர்! தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல், இருவரும் 1792-ல் தென்கோடிக்கு வந்தார்கள். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளியிட்டார்கள். ஒன்றுக்குத் தலைப்பு, ‘களக்காட்டருகே இருந்து குமரிமுனை’. களக்காட்டில் நின்றால் கடல் தெரியுமா என்று கேட்காதீர்கள், அவர்கள் குமரி என்றது மலைத்தொடர் முடிகிற அந்தக் கோடியை. இன்னொன்று நம் பாபநாசம் அருவி. தலைப்பில் ‘தஞ்சாவூர் நாடு’ என்று போட்டுவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு பாபநாசம் உண்டு, வாஸ்தவம். அங்கே அருவிக்கு எங்கே போக?

இந்தப் படங்கள் இங்கிலாந்துக் கட்டடத்தையே கொஞ்சம் மாற்றின என்பதுதான் ருசியான சங்கதி. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பிய காக்கரெல் குடும்பம் குளொஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற மாளிகையை 1805 வாக்கில் வெங்காயக் குவிமாடத்தோடு கட்டியது. தோட்டத்து வேலைக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியலே. பாலத்துக் கைப்பிடி மேல் நந்தி உட்கார்ந்திருக்கும். சூரியனுக்கு ஒரு கோயில் வேறு. அதைப் பார்த்துச் சொக்கிப்போன இங்கிலாந்து இளவரசர் (பிற்பாடு நான்காம் ஜார்ஜ் ராஜா) பின்னால் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1815-க்கும் 1822-க்கும் இடையே பிரைட்டனில் தன் அரண்மனையை மாற்றிக் கட்டினார். வெளியே வடக்கத்தி மசூதி, உள்ளே சீனத்து டிராகன். எனக்கு அந்தக் கலவை பிடிக்காது. கல்யாண மண்டப முகப்பு மாதிரி. ஆனால் அங்கே எடுத்த ஒரு போட்டோவை மறக்க முடியாது. முதல் உலக யுத்தத்தில் அதை இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக்கினார்கள். குவிமாடத்துக்கும் சரவிளக்குக்கும் அடியில் வரிசையாக இரும்புக் கட்டில், ஒவ்வொன்றிலும் கட்டுப் போட்ட நம் ஆட்கள்.

மெஞ்ஞானபுரம், இடையன்குடி கிறிஸ்தவக் கோயில்கள் எந்த ஆங்கிலப் பாணி?
– ஒரு வாசகர், திசையன்விளை

கூர்வளைவு வைத்த கோதிக். 1834-ல் லண்டன் பார்லிமெண்ட் எரிந்து, அதைக் கோதிக்கில் திரும்பக் கட்டினார்கள். அந்த அலையில் வந்தவை. மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் தொடங்கி 1880-ல் முடித்தார். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் கட்டியது 1826-ல், இந்த அலைக்கு முந்தியது. அடுத்த முறை இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் இங்கிலாந்துத் தெருப் படம் போட்ட தபால் அட்டை கிடைத்தது. தேதி அழிந்துவிட்டது. எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், வீரவநல்லூர்

முதலில் பின்பக்கம் பாருங்கள் தம்பி. நடுவில் கோடு போட்டு ஒரு பாதி விலாசம், ஒரு பாதி சேதி என்றிருந்தால் 1902 அல்லது அதற்குப் பிறகு. அதற்கு முன்னால் பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் கிறுக்க வேண்டும். அடுத்து ஸ்டாம்பு. அரைப் பென்னி என்றால் உள்நாட்டில் போன அட்டை, 1918 ஜூனுக்கு முந்தியது. அதன்பின் ஒரு பென்னி ஆகிவிட்டது. தாடி வைத்த வழுக்கைத் தலை எட்வர்ட் ராஜா என்றால் 1902 முதல் ஏறக்குறைய 1910 வரை, தாடியோடு தலை நிறைய முடி என்றால் அவர் மகன் ஜார்ஜ்.

பிறகு முன்பக்கம். வீட்டு முகப்பில் இரும்புக் கம்பி வேலி நிற்கிறதா? நின்றால் பெரும்பாலும் 1941-க்கு முந்தியது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அறுத்துக்கொண்டு போனார்கள். சுவர் மேல் வரிசையாக மொட்டைக் குச்சி மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. கூரையில் டி.வி. ஆண்டெனா தெரிந்தால் தாத்தா அதை வாங்கியது பெரும்பாலும் யுத்தத்துக்குப் பிறகுதான்.

இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பசை தடவி ஆல்பத்தில் ஒட்ட வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்து ரூபாய்க்கு லேமினேஷன் போட்டுத் தருவார்கள், அங்கே தயவுசெய்து போகாதீர்கள்.